அமெரிக்காவில் நரம்பியல் நிபுணராக 4 வருஷமா, 3 வருஷமா?

வெள்ளவத்தை வாசன்:
எரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். முகநூலில் ஒருவர் போட்ட பதிவு குடும்பக் குழுமம் வரைக்கும் வந்துவிட்டது. "அமெரிக்காவில் 4 வருஷ ரெசிடென்ஸி முடித்தால் நரம்பியல் நிபுணர். கொழும்பில் பத்து வருஷம் இழுத்தடிக்கிறார்கள். பழைய கொன்சல்டன்ட்மார் தங்கள் சனலிங் குறைந்துவிடும் என்று புதியவர்களை வரவிடுவதில்லை." இதுதான் பதிவு. (ரெசிடென்ஸி என்றால் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறும் நிபுணர் பயிற்சி. சனலிங் என்றால் இங்கே நிபுணர்கள் தனியாகக் காசுக்கு நோயாளி பார்ப்பது.) கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல்.

முதலில் 4 என்பதே பிழை. அங்கே நரம்பியல் படிப்பது 3 வருஷம்தான். முதல் வருஷம் பொது மருத்துவ வாட்டில் போகிறது. இங்கே எம்.பி.பி.எஸ்., ஒரு வருஷம் இன்டர்ன், பிறகு பி.ஜி.ஐ.எம். (மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம்) தெரிவுப் பரீட்சை, பொது மருத்துவத்தில் ரெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி டொக்டர் வேலை, எம்.டி. பரீட்சை, அதற்குப் பிறகுதான் நரம்பியலில் சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் நிபுணர் என்று அங்கீகரிக்கும் போர்ட் சான்றிதழ். இதையும் அதையும் ஒரே தராசில் வைக்கிறவருக்கு என்ன சொல்வது? 3 ஐ 4 என்று எழுதுகிறவரின் மிச்சக் கதையை நான் ஏன் நம்ப வேண்டும்?

ஸ்காபரோ சிவா:
தம்பி வாசன், 4 தான். என் மருமகள் ஒஹாயோவில் நரம்பியல் ரெசிடென்ட். முதல் வருஷத்துக்கும் சம்பளம் வந்தது, ஒப்பந்தமும் 4 வருஷத்துக்குத்தான். வீட்டில் இருந்து படித்த வருஷமா அது, எண்ணாமல் விட? இங்கே கனடாவில் 5 வருஷம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வாசன்:
சிவா அண்ணை, சம்பளம் வந்தால் நரம்பியல் ஆகிவிடுமா? அந்த முதல் வருஷத்தில் உங்கள் மருமகள் பார்த்தது நீரிழிவு, நிமோனியா, இதயச் செயலிழப்பு. மூளையை அல்ல. ஆகவே 3. கனடாக் கதையை யாரும் இங்கே கேட்கவில்லை.

தெஹிவளை ஃபர்ஹான்:
நடுவில் ஒரு கேள்வி. உம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வலது கை நடுங்குகிறது, சும்மா இருக்கும்போதுதான் கூட. யாரிடம் காட்டலாம்?

ஸ்காபரோ சிவா:
ஃபர்ஹான், பிறகு பார்ப்போம். வாசன், மூளையைப் பார்ப்பவர் இதயத்தைத் தெரியாமல் பார்க்க முடியுமா? இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி மேலே போய் அடைத்தாலும் பக்கவாதம் வரும்தானே? முதல் வருஷம் நரம்பியலுக்கான அத்திவாரம். அத்திவாரத்தை விட்டுவிட்டு வீட்டின் உயரத்தை அளப்பவர் நீங்கள் ஒருவர்தான். 4.

கொட்டாஞ்சேனை டொக்டர்:
நான் பி.ஜி.ஐ.எம். பயிற்சியில் இருப்பவள். ஒரு காலத்தில் அமெரிக்கா போகலாம் என்று யூ.எஸ்.எம்.எல்.ஈ. (அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சை) எழுதத் தொடங்கி இடையில் விட்டவள். அதனால் சொல்கிறேன். அங்கே இரண்டு வகை இடங்கள் உண்டு. கேட்டகோரிக்கல் என்றால் முதல் வருஷமும் சேர்த்து 4 வருஷம் ஒரே இடத்தில். அட்வான்ஸ்ட் என்றால் முதல் வருஷப் பொது மருத்துவத்தை வேறு எங்காவது முடித்துவிட்டு 3 வருஷ நரம்பியலுக்குள் நுழைவது. எந்த வழியில் போனாலும் எம்.டி. பட்டத்துக்குப் பிறகு மொத்தம் 4 வருஷப் பயிற்சி வேண்டும். அவர்களுடைய எம்.டி. நம்முடைய எம்.பி.பி.எஸ். மாதிரி, பட்டமேற்படிப்பான நம்முடைய எம்.டி. மாதிரி அல்ல. பாதிக் குழப்பம் அங்கேதான்.

ரெசிடென்ஸி முடித்த பிறகும் பலர் பக்கவாதம், வலிப்பு என்று ஏதாவது ஒன்றில் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி செய்கிறார்கள். அதையும் சேர்த்தால் 5, 6 ஆகும்.

ஃபர்ஹான், சும்மா இருக்கும்போது கூடுகிற நடுக்கம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். உம்மா எடுக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வாந்தி, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும் இப்படி நடுக்கம் வரும்.

வெள்ளவத்தை வாசன்:
டொக்டரே சொல்லிவிட்டார், "3 வருஷ நரம்பியல்" என்று. அவருடைய வார்த்தை. நன்றி டொக்டர்.

ஸ்காபரோ சிவா:
டொக்டரே சொல்லிவிட்டார், "மொத்தம் 4 வருஷப் பயிற்சி" என்று. அதுவும் அவருடைய வார்த்தைதான். வாசனுக்குப் பாதி வரிதான் கண்ணில் படும் போல. அதற்கும் நரம்பியல் டொக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

தெஹிவளை ஃபர்ஹான்:
நன்றி டொக்டர். இனி நானும் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன். வாசன் மச்சான், அமெரிக்காவில் பொது மருத்துவ வருஷத்தைக் கழிக்கிறாய், சரி. அப்படியானால் இங்கேயும் எம்.டி. ரெஜிஸ்ட்ரார் காலத்தைக் கழிக்க வேண்டுமே? அதுவும் பொது மருத்துவம்தானே? அங்கே கழித்து இங்கே கூட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

இன்னொன்று. அங்கே 3 என்று நீ சொன்னால் முகநூல்காரரின் வாதம் இன்னும் பலமாகிறது. 4 என்று அவர் சொன்னதை விடக் குறைத்துக் கொடுக்கிறாய். நீ யார் பக்கம்?

வெள்ளவத்தை வாசன்:
நான் உண்மையின் பக்கம். 3 என்றால் 3. அது யாருக்கு உதவுகிறது என்பது என் பிரச்சினை அல்ல. எங்கள் எம்.டி.யை அவர்களுடைய ஒரு வருஷத்தோடு ஒப்பிடாதே. டெங்கு நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் எங்கள் ஆள் இரண்டையும் பார்ப்பார், விரியன் கடித்து இமை தொங்கினாலும் பார்ப்பார். ஒஹாயோவில் விரியன் கடிக்குமா? கணக்கைப் பற்றி நீ பேசாதே ஃபர்ஹான். போன தடவை பெட்ரோல் விலைத் திரியில் நீ போட்ட கணக்கை எல்லோரும் பார்த்தோம்.

தெஹிவளை ஃபர்ஹான்:
பெட்ரோலுக்கும் நரம்புக்கும் என்ன மச்சான்? சரி, உன் வழியிலேயே வருகிறேன். அமெரிக்க நரம்பியல் ரெசிடென்ட்கள் 3 மாதம் குழந்தை நரம்பியல் செய்ய வேண்டும், ஒரு மாதம் மனநலப் பிரிவில் நிற்க வேண்டும். இப்போதுதான் தேடிப் பார்த்தேன். மனநலம் மூளையா இல்லையா? இல்லை என்றால் உன் 3 இலிருந்து அதையும் கழி. 2 வருஷம் 11 மாதம். தலைப்பை மாற்று.

வெள்ளவத்தை வாசன்:
நக்கல் வேண்டாம். 3.

மானிப்பாய் மைந்தன்:
வருஷத்தை எண்ணிக்கொண்டிருங்கள். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் கொழும்பைத் தாண்டி வருகிறார்கள் என்று எண்ணினீர்களா? பயிற்சி கொழும்பில், கிளினிக் கொழும்பில், பின்னேரம் சனலிங்கும் கொழும்பில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மிச்சம் இருந்தவர்களும் விமானம் ஏறுகிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர் திரும்பி வருவேன் என்று பிணை ஒப்பந்தம் எழுதிவிட்டுத்தான் போகிறார். பிறகு காசைக் கட்டிவிட்டு லண்டனிலோ மெல்பேர்னிலோ நின்றுவிட்டால் யார் கேட்பது? வசதி உள்ள எங்கள் சனம் வைத்தியத்துக்கு இந்தியாவில் வேலூருக்குப் போகிறது, மற்றவர்கள் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்து வாங்கில் காத்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் கடல் காற்று வாங்கிக்கொண்டு எழுதுகிறவருக்கு இது எங்கே விளங்கும்?

வெள்ளவத்தை வாசன்:
கடல் காற்று உங்கள் பக்கமும் வரும் ஐயா. எனக்கு மேலே மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வருவது சீமெந்துத் தூசி. யாழ்ப்பாணத்தான்தான் டொக்டர் ஆவான் என்று மார் தட்டுவதும் நீங்கள்தான், ஆனவர்கள் ஊருக்கு வருவதில்லை என்று அழுவதும் நீங்கள்தான். இந்தத் திரியின் கேள்வி வேறு.

மானிப்பாய் மைந்தன்:
மார் தட்டியது எப்போது? எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

கொட்டாஞ்சேனை டொக்டர்:
எத்தனை வருஷம் என்பதை விட அந்த வருஷங்களில் என்ன பழகுகிறோம் என்று பேசலாமே. பக்கவாத நோயாளி வந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் கேட்டு, சி.டி. எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிப்படுத்தி, கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் புத்தகத்தில் வராது, மேலே ஒருவர் நின்று பார்க்கப் பார்க்கத்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு வாட்டில் ஒரு தமிழ் அம்மாவைப் பக்கவாதத்தோடு கொண்டுவந்தார்கள். அவரிடம் பேச்சுப் பரிசோதனை செய்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற பணியாளர் மொழிபெயர்த்தார். சில வகைப் பேச்சிழப்பில் நோயாளி தடங்கல் இல்லாமல் பேசுவார், ஆனால் சொற்கள் இடம் மாறி, அர்த்தமே இல்லாமல் வரும். மொழிபெயர்ப்பவர் நல்ல மனதோடு அதைத் திருத்தி ஒழுங்கான வாக்கியமாகச் சொல்லிவிடுவார். டொக்டருக்கு வேண்டியதோ அந்தப் பிழைதான். "அம்மா நல்லாகத்தான் பேசுகிறார்" என்று குறிப்பில் எழுதப்பட்டது. அடுத்த நாள் காலை நான் பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நினைவாற்றல் பரிசோதனையிலும் இதே கதை. சிங்களத்தில் கேட்டால் பாதி மார்க் வாங்குகிற தாத்தா தமிழில் கேட்டால் கடகடவென்று சொல்வார். கண் டொக்டருக்கோ எலும்பு டொக்டருக்கோ ஓரளவு சைகையால் சமாளிக்கலாம். நரம்பியலில் மொழியே ஒரு பரிசோதனைக் கருவி. பயிற்சியில் இதற்கு இடம் வேண்டும்.

மானிப்பாய் மைந்தன்:
இதைத்தான் நான் சொல்கிறேன்!

தெஹிவளை ஃபர்ஹான்:
நீங்கள் இதைச் சொல்லவில்லையே ஐயா, விமானத்தைப் பற்றியல்லவா சொன்னீர்கள்? டொக்டர் சொல்வது பெரிய விஷயம். என் உம்மாவிடம் போன கிளினிக்கில் சிங்களத்தில் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

வெள்ளவத்தை வாசன்:
நல்ல கருத்து டொக்டர், தனித் திரி தொடங்குங்கள். இங்கே நான் கேட்டதற்குச் சிவா அண்ணை இன்னும் பதில் சொல்லவில்லை. முதல் வருஷத்தில் உங்கள் மருமகள் நரம்பியல் வாட்டில் எத்தனை மாதம் நின்றார்?

ஸ்காபரோ சிவா:
நின்றிருப்பார். மாதக் கணக்கெல்லாம் நான் எழுதி வைக்கவில்லை. அங்கே கிழமைக்கு 80 மணித்தியாலம் வேலை, 4 கிழமைச் சராசரி. அதற்கு மேல் விட மாட்டார்கள்.

வெள்ளவத்தை வாசன்:
அந்த 80 உம் 2003 இல்தான் நாடு முழுக்க வந்தது. 1984 இல் நியூயோர்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இறந்து, நித்திரை இல்லாத ரெசிடென்ட்களைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. பெருமைப்பட ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில்?

ஸ்காபரோ சிவா:
2003 தெரிகிறது, 1984 தெரிகிறது, 4 மட்டும் தெரியவில்லை. நீங்கள்தான் போன வருஷம் பம்பலப்பிட்டிக் கோயில் தேர்த் திருவிழாத் தேதியிலும் இப்படி நின்றீர்கள். எனக்கு நல்ல ஞாபகம்.

வெள்ளவத்தை வாசன்:
தேதி நான் சொன்னதுதான் சரி. மருமகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவா:
கேட்டேன். இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறாள். "மாமா, நித்திரை கொள்ள விடுங்கோ" என்கிறாள்.

வெள்ளவத்தை வாசன்:
பார்த்தீர்களா, 4 என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.