பழைய பைத்தான் புத்தகம், முதல் வரியே ஓடவில்லை

கேள்வி: கணக்குப்பிள்ளை
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், வயது 43. தினமும் சாயங்காலம் 14 யூனிட்டிலிருந்து எக்செல் ஃபைல் வரும். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் ஒட்டி முடிப்பதற்குள் மணி எட்டாகிவிடும். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தால் ஐந்து நிமிட வேலை என்றாள் மகள். சரி என்று பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்குத் தலையணை மாதிரி ஒன்றை வாங்கி வந்தேன். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். நாலாம் அத்தியாயத்தோடு கோடு நின்றுவிட்டது. நான் ஒன்பதாம் பக்கத்தையே தாண்டவில்லை. பிரிண்ட் என்ற கட்டளையைப் போட்டு, மேற்கோளுக்குள் பெயரை எழுதச் சொல்கிறது. அப்படியே அடித்தால் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறை தப்பு என்கிறது. எழுத்தெழுத்தாக மூன்று தடவை ஒப்பிட்டுவிட்டேன். தப்பு யார் மேல்? வேறு எதை வாங்கலாம்?

பதில்: இரவுப்பறவை
உங்கள் மேல் தப்பில்லை அண்ணா. அது பைத்தான் 2 புத்தகம், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது 3. 2008-லேயே 3 வந்துவிட்டது. 2020 ஜனவரி 1-ஓடு 2-க்கு ஆதரவும் போய்விட்டது. 3-இல் பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயம். எரர் வந்தாலாவது கண்ணில் படும். 7/2-க்கு விடை 3 என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும், கம்ப்யூட்டரில் 3.5 வரும். கணக்கு எழுதுகிறவருக்கு அது ஆகாது.

பதில்: நீலத்திரை
உங்கள் வேலைக்கென்றே ஒன்று இருக்கிறது: அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்'. எக்செல்லுக்கே தனி அத்தியாயம் உண்டு. ஆசிரியரின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். முதலில் அங்கே படித்துவிட்டு, பிடித்தால் காசு கொடுங்கள்.

ஒரு சொந்தக் கதை. கல்லூரியில் சி மொழி எழுதும் டர்போ சி மென்பொருளின் நீலத்திரையில் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், சி மொழிக்குக் கெர்னிகன்-ரிச்சி எழுதிய புத்தகம்தான் வேதம் என்றார் சீனியர். 300 பக்கம்கூட இல்லையே, ஒரு வாரம் போதும் என்று இறங்கினேன். ஐந்தாம் அத்தியாயம், பாயின்டர் (மெமரி முகவரியை வைத்து வேலை செய்வது). அங்கே போய் விழுந்தவன் அந்த செமஸ்டர் முழுக்க எழவில்லை. இது ஆரம்பப் பாடநூல் இல்லை, மதிப்பை வைக்கும் மாறி (வேரியபிள்), திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எல்லாம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று முன்னுரையிலேயே போட்டிருக்கிறார்கள். முன்னுரையை எவன் படித்தான்? அதனால் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். முன்னுரையைப் படியுங்கள், அப்புறம் நடுவில் ஓர் அத்தியாயத்தைப் பிரித்து, பயிற்சிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
அடைப்புக்குறி போட்டதும் பெயர் வந்துவிட்டது! 7/2-உம் பார்த்தேன், 3.5. எக்செல் அத்தியாயத்தில் எக்செல் ஃபைலைப் பைத்தானில் படிக்க ஓப்பன்பைஎக்ஸெல் என்று ஒரு துணை மென்பொருளைப் போடச் சொல்கிறார், போட்டாயிற்று. 11 யூனிட் ஃபைல் திறக்கிறது, மூன்று யூனிட்டுடையது திறக்கவில்லை. அவர்கள் இன்னும் பழைய எக்செல் வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில்தான் அனுப்புகிறார்கள்.

இரவுப்பறவை
ஓப்பன்பைஎக்ஸெல் எக்ஸ்எல்எஸ்ஸைப் படிக்காது அண்ணா. எக்செல்லில் திறந்து, சேவ் ஆஸ் போய்ப் புதிய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றுங்கள். அந்த மூன்று யூனிட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.