மேற்குப் பார்த்த வாசல் கதவு: கீழே ஒரு அடி மட்டும் பெயிண்ட் உரிகிறது, என்ன செய்யலாம்?

கடலோரவாசி:
நாகப்பட்டினத்தில் தாத்தா காலத்து வீடு. வாசலில் வேப்பமரக் கதவு, ஏழடிக்கு மூன்றரை, மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராக அடிக்கும். இரண்டு வருடம் முன்னால் ஆள் வைத்துக் கரும்பச்சை எனாமல் அடித்தோம். மேலே நன்றாகத்தான் இருக்கிறது, கீழே ஒரு அடி உயரத்துக்கு மட்டும் அப்பளம் மாதிரி கொப்பளித்து, நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக வருகிறது, உள்ளே மரம் கறுத்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் நானே செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். முழுக்கச் சுரண்ட வேண்டுமா, உரிந்த இடம் மட்டும் போதுமா? கடையில் கேட்டால் விலை கூடின பெயிண்ட் வாங்குங்கள் என்கிறார்கள்.

பழைய தச்சன்:
தம்பி, பெயிண்ட் மேல் குற்றமில்லை. கீழே மட்டும் உரிந்தால் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். கதவைக் கழற்றி அடி விளிம்பைப் பாருங்கள், வெறும் மரமாக இருக்கும். மாட்டியபடியே அடித்தால் அங்கே பிரஷ் போகாது. சட்டத்தின் வெட்டுமுகம் அங்கேதான் வருகிறது, வைக்கோல் கட்டை நறுக்கின மாதிரி அத்தனை நாரும் வாய் திறந்திருக்கும். மழைச் சாரலும், தினமும் வாசல் தெளிக்கிற தண்ணீரும் அதில் ஏறும், மதிய வெயிலில் அந்த ஈரம் வெளியே வரப் பார்த்துப் பெயிண்டைத் தள்ளும்.

ஒரு வாரமாவது நிழலில் காயவிடுங்கள், வெயிலில் போட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். உரிந்ததை மட்டும் சுரண்டினால் போதும். கெட்டியாகப் பிடித்திருப்பதை 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சுரண்டின ஓரம் படி மாதிரி நிற்கும், கண்ணை மூடி விரலால் தடவினால் தெரியும், தடவும்போது தட்டுப்படாமல் போகிறவரை தேய்க்கணும். கறுத்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இறங்கினால் உளுத்துவிட்டது, அதை வெட்டி வேறு மரம் ஒட்டுங்கள், ஓட்டை அடைக்கிற பட்டி மாவை வைத்து மூடாதீர்கள். அப்புறம் அடி விளிம்புக்கு மர பிரைமர் இரண்டு தடவை, அது உறிஞ்ச உறிஞ்சக் கொடுங்கள், எனாமலும் இரண்டு தடவை. மேல் விளிம்பையும் விடாதீர்கள்.

மல்லிகைப்பந்தல்:
சார், தாத்தா காலத்துக் கதவு என்பதால் ஒன்று சொல்கிறேன். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அடியில் எத்தனை பழைய பூச்சு இருக்கிறதோ தெரியாது, அதனால் உலர்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், நெருப்பு காட்டியும் உரிக்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்குங்கள், முகமூடி போடுங்கள், கீழே விழுவதைப் பழைய பேப்பரில் பிடித்துக் கட்டிப் போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம். நனைத்துத் தேய்த்தால் திரும்பக் காயவிடணும், அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறம்:
நாங்களும் கடலூர்ப் பக்கம் கடலை ஒட்டித்தான் இருக்கிறோம். தேய்ப்பதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரால் கழுவி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள் அண்ணா, உப்புக்காற்றில் மேலே படிந்தது போகாமல் தேய்த்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பட்டி விஷயத்தில் நான் ஏமாந்தேன், உள்சுவருக்கு வாங்கி மிச்சமிருந்த பட்டியை ஜன்னல் விரிசலில் அப்பினேன், முதல் மழையிலேயே மாவாகக் கரைந்து வழிந்தது. வெளி மரத்துக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பெயிண்ட் அடிப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், சுடுகிற பலகையில் பிரஷ் இழுக்காது. நிறத்தையும் மாற்றலாமே, மேற்கு வெயிலுக்குக் கரும்பச்சை ரொம்பச் சூடு வாங்கும்.

கடலோரவாசி:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை பக்கத்து வீட்டுத் தம்பியோடு சேர்ந்து கழற்றிவிட்டேன். அடி விளிம்பில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை, அந்தக் காலத்தில் தச்சர் போட்ட பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. கீல் பக்கத்து மூலையில் ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் இறங்கியது, மற்ற இடமெல்லாம் கெட்டி. அந்தத் துண்டை மட்டும் மாற்ற ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார். அதுவரை பகலில் திண்ணையில் காயவைத்து, ராத்திரி மாட்டிக்கொள்ளப் போகிறோம். நிறம் மட்டும் பச்சைதான், அம்மா மாற்ற விடமாட்டேன் என்கிறார்.