எழுதுகிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்: ஆங்கில வகுப்புக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி:
பெரியவர்கள் 8 பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இலக்கணப் பயிற்சி கொடுத்தால் பிழையில்லாமல் எழுதுகிறார்கள், ஆனால் "நேற்று என்ன செய்தீர்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒரே படத்தில் சின்னச் சின்ன மாற்றம் செய்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, அடுத்தவர் படத்தைப் பார்க்காமல் பேசியே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் தெரியும் என்றாகிவிட்டால் வாய் தானாகத் திறக்கும். அப்போது தயவுசெய்து இடையில் புகுந்து திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்து வைத்து, கடைசியில் யாருடையது என்று சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், அவர்களே திருத்துவார்கள்.

பதில் 2:
இதோடு கேட்கும் பயிற்சியும் வேண்டும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் '6 மினிட் இங்கிலீஷ்' என்ற ஒலி நிகழ்ச்சி இலவசம், அதில் பேசுவதை எழுதிய உரையும் கூடவே இருக்கிறது. முழுதாகப் போடாதீர்கள், 1 நிமிடம் போதும். முதலில் சும்மா கேட்கட்டும், அப்புறம் உரையைப் பார்த்துக் கேட்கட்டும், பிறகு குரலோடு சேர்ந்தே சொல்லட்டும்.

பதில் 3:
கேள்வி கேட்டதும் பதிலை எதிர்பார்க்காதீர்கள். யோசிக்க 1 நிமிடம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க 2 நிமிடம் கொடுத்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
படத்தை நாளைக்கே தயார் செய்கிறேன். நான் நடுநடுவே திருத்திக்கொண்டே இருந்தேன், அதுதான் பயமுறுத்தியிருக்கிறது. மிக்க நன்றி.