மறுமொழி: சோஷியல் டிசையரபிலிட்டி பயஸ் – 'நற்பெயர்க் கோட்டம்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் குவெஸ்ச்சனருக்கு வினாநிரல், இன்டர்வியூவுக்கு நேர்காணல் என்பதில் நமக்குள் சிக்கல் இல்லை. இலங்கையில் புழங்கும் வினாக்கொத்து என்பதையும் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். இழுபறி சோஷியல் டிசையரபிலிட்டி பயஸ் என்ற ஒரு சொல்லில்தான், அதாவது கேள்விக்கு விடை சொல்பவர் தன்னை உள்ளதைவிட நல்லவராகக் காட்டிவிடும் போக்கு. அதற்கு நான் சொல்வது 'நற்பெயர்க் கோட்டம்'.

> 'சமூக விருப்புச் சார்பு' என்றே வைக்கலாமே. சிலர் ஏற்கெனவே அப்படி எழுதுகிறார்கள்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகப் படிக்கும் மாணவர் இதைச் சமூகத்தின் விருப்பம் என்றுதான் எடுத்துக்கொள்வார். நடப்பது வேறு. "பிள்ளையை அடிப்பீர்களா?" என்று ஒரு தாயிடம் கேட்டால், அடிப்பவரும் "இல்லைங்க" என்பார். கேட்பவர் தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அது. பாலியல் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கர் கின்சி தன் நேர்காணல்களில் "செய்ததுண்டா" என்று கேட்காமல் "முதலில் எப்போது" என்று கேட்டதும் இதைத் தாண்டத்தான். உளவியலாளர்கள் கிரௌனும் மார்லோவும் 1960இல் வெளியிட்ட 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலில், பிடிக்காதவர்களிடமும் எப்போதும் மரியாதையாகவே நடப்பேன் என்ற பொருளில் ஒரு கூற்று வரும். இப்படிப்பட்டவற்றுக்கெல்லாம் ஒருவர் 'சரி' போட்டுக்கொண்டே போனால், அவர் நல்ல பெயரைத் தேடுகிறார் என்று பொருள். ஆகவே முன்பாதிக்கு 'நற்பெயர்' என்பதே நேரான சொல்.

பின்பாதிதான் கடினம். சார்பு என்பது பள்ளிக் கணக்கில் ஃபங்ஷன். பத்தாம் வகுப்பிலேயே 'உறவுகளும் சார்புகளும்' வந்துவிடுகிறது. சாய்வு என்றால் ஸ்லோப். ஆய்வுக் கட்டுரையில் ரெக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு) வரும் பக்கத்திலேயே பயஸும் வரும், அந்தக் கோட்டின் ஸ்லோப்புக்கும் பயஸுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம்தான். அதனால் கோணல் என்ற பொருளில் 'கோட்டம்' என்கிறேன். திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் (குறள் 119) இருக்கும் சொல் இது:

சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்.

குறள் பேசுவது நடுவுநிலை தவறாமையை. கேள்விக்கு விடை சொல்பவருக்கு நாம் அதை நீட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் சொல்லில் ஒரு கோணல், உள்ளத்தில் ஒரு கோணல் என்று அது பிரித்து வைத்திருக்கும் விதம் நமக்கு அப்படியே உதவுகிறது. 1984இல் உளவியலாளர் பால்ஹஸ் நற்பெயர் தேடும் விடைகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பிறர் மெச்ச வேண்டும் என்று தெரிந்தே விடையை மாற்றுவது. மற்றது, தன்னைப் பற்றித் தானே மிகையாக நம்பி, அதை உண்மை என்றே எழுதுவது. முதலாவது சொற்கோட்டம், அடுத்தது உட்கோட்டம். ஆங்கிலத்தில் இம்ப்ரெஷன் மேனேஜ்மென்ட், செல்ஃப் டிசெப்ஷன் என்று தனித்தனியாக நிற்பவை தமிழில் ஒரே வேரில் இணைந்துவிடுகின்றன. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

களத்திலும் இந்தப் பிரிவு தேவைப்படுகிறது. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, வினாநிரலைக் கையில் கொடுத்து, நிரப்பியதை மூடிய உறையில் வாங்கினால் சொற்கோட்டம் குறையும். எதிரே ஆள் உட்கார்ந்து கேட்கும் நேர்காணலில் கூடும். உட்கோட்டத்துக்கு இந்த ஏற்பாடுகளால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அவர் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

> கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம்தானே நினைவுக்கு வரும்?

வரும். கோயில், சிறை, நாட்டுப் பிரிவு என்று அதற்குப் பல பொருள் உண்டு. ஆனால் தனியாக நில்லாமல் நற்பெயர்க் கோட்டம், இசைவுக் கோட்டம் என்று அடையோடு வரும்போது மயக்கம் இராது என்று நம்புகிறேன்.

இசைவுக் கோட்டம் என்றது அக்வியசன்ஸ் பயஸுக்கு, அதாவது எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று போடும் பழக்கத்துக்கு. லிக்கர்ட் அளவுகோல் (ஒரு கூற்றுக்கு எந்த அளவு உடன்படுகிறீர்கள் என்று படிப்படியாகக் கேட்பது) வைத்து வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. பாதிக் கூற்றுகளை எதிர்மறையாக எழுதித்தான் பிடிக்கிறார்கள். 'உடன்பாட்டுக் கோட்டம்' என்றும் எழுதிப் பார்த்தேன், நீளமாகப் படுகிறது. களப்பணி செய்யும் நண்பர்கள் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது நாக்கில் உட்காருகிறது என்று எழுதுங்கள்.