கப்பல் புத்தகங்களைக் கடல் வரைபடத்தோடு வாசித்தவர்கள் உண்டா?

கப்பல் வரலாற்று நூல்களைத் தேடிப் பிடித்து வாசிக்கிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாசிக்கும்போது பக்கத்தில் வரைபடம் வைத்துக்கொள்வீர்களா? நான் இருபது வருடமாக அப்படிச் செய்யாமலே வாசித்துவந்தேன். என்னுடைய அனுபவத்தை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

கல்லூரியில் படித்தபோது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். ஷாக்கிள்டன் அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோன எண்டூரன்ஸ் கப்பலைப் பற்றியது. அட்டை இருந்தது, பக்கங்கள் எல்லாம் இருந்தன, கடைசியில் மடித்து ஒட்டியிருந்த வரைபடம் மட்டும் கிழிந்து போயிருந்தது. கதைதானே முக்கியம் என்று அதைப் பொருட்படுத்தவில்லை. 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனியில் கப்பல் சிக்கியது, பத்து மாதம் பனியோடு மிதந்தது, அக்டோபரில் நொறுங்கியது, நவம்பர் 21 அன்று மூழ்கியது. எல்லாவற்றையும் இரண்டு ராத்திரியில் வாசித்து முடித்துவிட்டேன். இடையிடையே இத்தனை டிகிரி தெற்கு, இத்தனை டிகிரி மேற்கு என்று எண்கள் வரும். அவற்றை என் கண் தாண்டிப் போய்விடும்.

2022 மார்ச்சில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்த செய்தி வந்தது. 3,008 மீட்டர் ஆழத்தில், பெயர் எழுதிய பின்பக்கம் அப்படியே தெரிகிற மாதிரி நிற்கிறது. படத்தைப் பார்த்து நான் அசந்துபோனது உண்மை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது செய்தியில் இருந்த இன்னொரு வரி. கேப்டன் ஃபிராங்க் வொர்ஸ்லி 107 வருடத்துக்கு முன் குறித்துவைத்த இடத்திலிருந்து சுமார் நாலு மைல் தெற்கே கப்பல் கிடைத்தது என்பதுதான் அந்த வரி. கப்பல் மூழ்கிய நாளில் வானம் மூடிக்கிடந்தது. மறுநாள்தான் அவரால் சூரியனை அளக்க முடிந்தது. அதற்குள் அவர்கள் நின்ற பனியே நகர்ந்திருக்கும். கையில் சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகக்கூடிய கடிகாரங்கள். அதை வைத்துக்கொண்டு நாலு மைல்!

அன்றைக்கே அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து, நான் தாண்டிப்போன எண்களையெல்லாம் ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். அட்சரேகையில் ஒரு டிகிரி என்றால் 60 கடல் மைல். 76 டிகிரிக்கும் தெற்கே சிக்கிய கப்பல் ஏறக்குறைய 68 டிகிரி 40 நிமிடம் வரை வந்துதான் மூழ்கியிருக்கிறது. வடக்கு நோக்கி மட்டும் அளந்தாலே ஏறக்குறைய 470 கடல் மைல். கப்பல் ஓரிடத்தில் சும்மா நின்று நொறுங்கியது என்றுதான் இத்தனை வருடமும் என் மனதில் படம் இருந்தது. தாளில் பார்த்தால் ஒரு பெரிய வளைவு. உள்ளே 28 பேர்.

அதன் பிறகு, கப்பல் மூழ்கியபின் உதவி தேடி ஷாக்கிள்டனும் வொர்ஸ்லியும் போன ஜேம்ஸ் கெயர்ட் படகுப் பயணத்தை வாசித்தபோது பென்சிலைக் கீழே வைக்கவே முடியவில்லை. ஏழு மீட்டர்கூட இல்லாத படகு, ஆறு பேர், தென் ஜார்ஜியாத் தீவுக்குச் சுமார் 800 கடல் மைல். அந்தப் பதினாறு நாளில் வொர்ஸ்லிக்குச் சூரியன் கிடைத்தது நாலே தடவை. தென் ஜார்ஜியாவை விட்டுவிட்டால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான மைலுக்கு வெறும் கடல். தாளில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோதுதான் பயம் என்பது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

சரி, உங்களுடையதை எழுதுங்கள்.

* * *

திருவல்லிக்கேணிக்காரருக்கு வணக்கம். சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக இருந்தவன் நான், இப்போது ஓய்வு. கப்பலில் சார்ட், அதாவது கடல் வரைபடம், எல்லாம் இரண்டாம் அதிகாரியான செகண்ட் மேட்டின் பொறுப்பு, அதனால் எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

கடல் வரைபடம் அச்சடித்த அன்றோடு முடிந்துபோகிற பொருள் இல்லை. வாரா வாரம் திருத்தங்கள் வரும்: ஒரு மிதவையை நகர்த்தியிருப்பார்கள், ஒரு விளக்கு அணைந்திருக்கும், புதிதாக ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கும். திருத்தத்தோடு வரும் டிரேசிங் தாளை சார்ட்டின் மேல் வைத்து, இடத்தைக் குத்தி, மெல்லிய நிப்பால் கத்தரிப்பூ நிற மையில் எழுத வேண்டும். எழுதிய திருத்தத்தின் எண்ணை இடது பக்கக் கீழ் மூலையில் குறிக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கிற நேரமெல்லாம் எனக்கு இதே வேலை. எனக்கு முன்னால் இருந்த இரண்டாவது, மூன்றாவது மேட்டின் கையெழுத்தெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். யார் என்றே தெரியாத அவர்களை நம்பித்தான் ராத்திரி காவலில் கப்பலைக் கொண்டுபோவோம். இப்போது எல்லாம் திரைக்கு மாறிவிட்டது. அது பாதுகாப்பானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்துகளை நான் இன்னும் நினைத்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது டைட்டானிக் பற்றி. வட அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு பயணத்தில் அந்தக் கப்பலைப் பற்றிய கனமான புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. காவல் முடிந்து, சார்ட் மேஜையில் நின்றபடி, உதவி கேட்டு அவர்கள் அனுப்பிய இடத்தைத் தேடினேன். 41 டிகிரி 46 நிமிடம் வடக்கு, 50 டிகிரி 14 நிமிடம் மேற்கு. நாலாவது அதிகாரி ஜோசப் பாக்ஸ்ஹால் கணக்கிட்டது. அதன் பக்கத்தில், 1985 செப்டம்பர் 1 அன்று கப்பல் உண்மையில் கிடைத்த இடத்தையும் குறித்தேன். டிவைடரை வைத்து அளந்தால் ஏறக்குறைய 13 கடல் மைல் கிழக்கே தள்ளி இருக்கிறது.

அந்த ராத்திரியில் கணக்குப் போட்டவன் நிலையை நினைத்துப் பாருங்கள். கடைசியாக நட்சத்திரம் பார்த்து இடம் எடுத்து மணிக்கணக்காகிவிட்டது. அதற்கப்புறம் வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்துப் போடுகிற உத்தேசக் கணக்குதான். கப்பல் வேறு மூழ்கிக்கொண்டிருக்கிறது. நான் பல தடவை அந்தக் கணக்கைப் போட்டவன். அமைதியான கடலில், சூடான டீயோடு போட்டும் பிசகியிருக்கிறேன்.

உதவிக்கு வந்த கார்பாத்தியா கப்பல் தென்கிழக்கிலிருந்து அந்தத் தவறான இடத்தை நோக்கித்தான் ஓடி வந்தது. படகுகள் இருந்தது வழியிலேயே. பாக்ஸ்ஹால் தன் படகிலிருந்து பச்சை வெளிச்சம் காட்ட, அதைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். வேறு திசையிலிருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை சார்ட்டில் பார்த்தால்தான் உறைக்கும்.

பாக்ஸ்ஹால் 1967இல் இறந்தார். அவருடைய சாம்பலை அவர் கணக்கிட்ட அதே 41-46, 50-14இல் கடலில் கரைத்தார்கள். கப்பல் கிடைக்க இன்னும் 18 வருடம் இருந்தது. இதை வாசித்துவிட்டு நான் டெக்குக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

* * *

எனக்குப் பெரிய கப்பல் எதுவும் தெரியாது. குமரி மாவட்டக் கடற்கரை எங்கள் ஊர். தாத்தா கட்டுமரத்தில் போனவர், பள்ளிக்கூடமே போகாதவர்.

என் படிப்புக்காகக் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள கடலின் பழைய சார்ட் ஒன்றின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மீன் நிறையக் கிடைக்கும் வெட்ஜ் பேங்க் என்ற கடலடித் திட்டு முழுக்க அதில் இருக்கும். ஆங்கில எழுத்து தாத்தாவுக்குத் தெரியாது, ஆனால் எண் தெரியும். கடலுக்குள் சிதறிக்கிடந்த எண்களைப் பார்த்தவர், "எத்தன பாகம்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டார். ஆழம் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், கயிற்றைக் கையால் அளந்து விடுவார்கள். அந்தச் சார்ட்டும் ஃபேதம் கணக்கில்தான் இருந்தது. ஆறடி. அந்தச் சொல்லுக்கும் ஆதியில் விரித்த கைகள் என்றுதான் அர்த்தம் என்று பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். ஆங்கிலேய மாலுமியும் என் தாத்தாவும் ஒரே அளவுகோலால் கடலை அளந்திருக்கிறார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளையும் சொன்னேன். இது மணல், இது சேறு, இது பவளம், இது சிப்பி. எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டார். ஈயக்குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள், தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும் என்றேன். நங்கூரத்தில் ஒட்டிய சேற்றைக் கையில் தேய்த்துப் பார்த்து, எந்தப் பாருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று அவர்கள் சொல்வார்களாம். பார் என்றால் கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டு.

அப்புறம் சார்ட்டின் கரைப்பக்கத்தைக் காட்டினேன். மலை உச்சிகளையும் கோயில் கோபுரங்களையும் எதற்குக் கடல் வரைபடத்தில் போட்டிருக்கிறான் என்பது எனக்கே அப்போது சரியாகப் புரியாது. தாத்தா சிரித்துவிட்டார். "கணிச்சம் பாக்கத்தான்." ஒரு மலையையும் அதற்கு முன்னால் நிற்கும் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துக்கொள்வது, இன்னொரு பக்கம் அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில்தான் பார். அவர் மனதில் இருந்த கணிச்சங்களை எல்லாருக்கும் சொல்லமாட்டார். அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது.

தாத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. எத்தனை கணிச்சம் அவரோடு போயிற்று என்று தெரியவில்லை. நான் எழுதி வாங்கியது ஏழு. அந்த நகலிலேயே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். மேலே ஓய்வுபெற்ற ஐயா சொன்ன கையெழுத்து மாதிரி, என் சார்ட்டில் அவருடைய ஏழு கோடுகள் இருக்கின்றன.

* * *

ஒரு மனக்குறையைச் சொல்லிக்கொள்கிறேன். நான் உறுப்பினராக இருந்த ஒரு நூலகத்தில், 19ஆம் நூற்றாண்டுக் கடற்பயண நூல் ஒன்றை மறுபடி பைண்டிங் செய்தார்கள். மடிப்பு வரைபடத்தை விரிக்காமலே ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். விரித்தால் நாலு துண்டாக வருகிறது. இன்னொரு இடத்தில், பழம்பொருள் விற்கிறவர் புத்தகத்திலிருந்து வரைபடத்தை அறுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். புத்தகம் கீழே கிடந்தது, அதைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். முதல் பதிவில் வந்த திருவல்லிக்கேணிப் புத்தகத்துக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பழைய நூல் வாங்குகிறவர்கள் தயவுசெய்து வரைபடங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அறுக்காமல் வைப்பார்கள்.

* * *

டீச்சராக இருக்கிறேன், புவியியல். அட்சரேகை தீர்க்கரேகைப் பாடத்துக்கு நான் பவுண்டி கப்பலைத்தான் எடுத்துக்கொள்வேன். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

1789 ஏப்ரல் 28 அன்று, பசிபிக் கடலில், அந்த பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் கேப்டன் பிளையையும் அவரோடு 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். வரைபடம் தரவில்லை. அவர் ஞாபகத்தை வைத்தே 3,618 கடல் மைல் ஓட்டித் திமோர் போய்ச் சேர்ந்தார். தோஃபுவா தீவில் கொல்லப்பட்ட ஒருவரைத் தவிர எல்லாரையும் உயிரோடு கொண்டு சேர்த்தார். பிள்ளைகளுக்கு இந்தப் பாதி பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது மறுபாதி. கலகக்காரர்களின் தலைவன் ஃபிளெட்சர் கிறிஸ்டியனுக்கு ஒளிய ஒரு தீவு வேண்டும். கப்பலில் இருந்த ஒரு கடற்பயணப் புத்தகத்தில் பிட்கேர்ன் தீவைப் பற்றி வாசிக்கிறான். 1767இல் கார்டரெட் என்ற கேப்டன் பார்த்துவிட்டு, அலை பெரிதாக இருந்ததால் இறங்காமல் போன தீவு. கார்டரெட்டிடம் குரோனோமீட்டர் (தீர்க்கரேகை கணக்கிட உதவும் துல்லியமான கப்பல் கடிகாரம்) கிடையாது, அதனால் அவர் எழுதிய தீர்க்கரேகை ஏறக்குறைய மூன்று டிகிரி பிசகு. கிறிஸ்டியன் அங்கே போனான், தீவு இல்லை. விடாமல் தேடிக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பிழையின் அருமை தெரிகிறது. வரைபடத்தை நம்பித் தேடி வருகிற யாருக்கும் இந்தத் தீவு கிடைக்காது!

1790 ஜனவரியில் பவுண்டியை எரித்துவிட்டார்கள். அவர்களைப் பிடிக்க வந்த பண்டோரா கப்பல் தீவைக் காணாமலே திரும்பி, 1791இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. 1808இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே போனபோது, கலகக்காரர்களில் உயிரோடு இருந்தது ஒரே ஒருவர். சுற்றிலும் தஹிதிப் பெண்களும், அங்கேயே பிறந்த பிள்ளைகளும். பவுண்டியில் இருந்த குரோனோமீட்டரும் அந்தத் தீவில்தான் இருந்தது. சரியான தீர்க்கரேகையைக் காட்டக்கூடிய கருவி, தவறாகக் குறித்த தீவில் பதினெட்டு வருடம் இருந்திருக்கிறது. இப்போது அது கிரீனிச்சில் இருக்கிறது.

வகுப்பில் இரண்டு புள்ளியையும் வைக்கச் சொல்வேன், கார்டரெட் சொன்ன இடம் ஒன்று, உண்மையான இடம் ஒன்று. நடுவில் கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் அளந்தால் சென்னையிலிருந்து பெங்களூருக்குக்கூட அவ்வளவு இல்லை என்று சொன்னால் வகுப்பே ஆவென்று வாய் பிளக்கும். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், பிளை திமோர் போன மாதிரி நாமும் வரைபடம் பார்க்காமல் வரையலாமா?" என்று கேட்டான். மூடி வைத்துவிட்டு வரையவிட்டேன். இருபத்தெட்டு பசிபிக் பெருங்கடல்கள் வந்தன. அத்தனையும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.

* * *

எல்லாருக்கும் நன்றி. பாக்ஸ்ஹாலின் சாம்பல் பற்றி எனக்குத் தெரியாது, ஏழு கணிச்சத்தைப் பற்றி வாசித்துவிட்டு அம்மாவிடமும் படித்துக் காட்டினேன்.

டீச்சர், உங்கள் பதிவுக்குப் பிறகு வேறு புத்தகம் எடுக்க முடியவில்லை. பவுண்டி பற்றிய நூல் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, வரைபடமும் கிழியாமல் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து பெரிய தாள் விரித்தேன். தோஃபுவா தொடங்கித் திமோர் வரை கட்டம் போட்டாயிற்று. ஒரு கட்டம் அறுபது கடல் மைல். இப்போதைக்குப் படகு தோஃபுவாவில் நிற்கிறது.