எஞ்சினை இயக்காமல் ஜெட் ஸ்கையை ஃப்ளஷ் செய்யலாம் என்பவர்களுக்கு

உப்புக்காற்று:
ஃப்ளோரிடாவின் டாம்பா வளைகுடாப் பக்கம் வீட்டுக் கால்வாயில், ஜெட் ஸ்கை என்னும் நீர் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்த மிதவை மேடை போட்டிருக்கும் ஒருவர், "எஞ்சினை இயக்கவே வேண்டாம், ஹோஸைச் சொருகித் தண்ணீர் விட்டால் உப்பு போய்விடும், அக்கம்பக்கத்தாருக்கும் சத்தத் தொல்லை இல்லை" என்று வேறோர் இழையில் அறிவுரை வழங்கியிருக்கிறார். ஃப்ளஷ் செய்வதற்கு, அதாவது கடலில் ஓட்டிய பின் குளிர்விக்கும் குழாய்களில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவுவதற்கு, யமஹா, காவாசாகி, சீ-டூ ஆகிய மூன்று ஜெட் ஸ்கை வகைகளின் கையேடுகளும் சொல்லும் வரிசை ஒன்றுதான்: தொடங்கும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர்; முடிக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். ஓடாத எஞ்சினில் தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது என்பதால், அது சைலன்சரை நிரப்பி, திறந்து நிற்கும் எக்ஸாஸ்ட் (புகைபோக்கி) வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீரை அமுக்க முடியாதாகையால், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

கால்வாய்க்கரை:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் படகின் பின்னால் மாட்டியுள்ள யமஹா அவுட்போர்டு எஞ்சினை நிறுத்திவிட்டு ஹோஸ் வழியாகக் கழுவலாம் என்று அதே யமஹாவின் கையேடுதான் சொல்கிறது. படகுக்கு ஒரு நியாயம், ஜெட் ஸ்கைக்கு ஒரு நியாயமா?

உப்புக்காற்று:
ஆம், இரண்டு நியாயம்தான். அவுட்போர்டு செங்குத்தாக நிற்பதால் தண்ணீர் தானாகவே கீழே வடிந்துவிடும். ஜெட் ஸ்கையின் எக்ஸாஸ்ட் அப்படி வடிவதற்கு அமைந்ததன்று. ஜெட் ஸ்கையின் கையேட்டில் 'எஞ்சினை இயக்காமல்' என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மிதவைமேடை:
என்னுடைய சீ-டூவில் எஞ்சினுக்குள் கூலன்ட் திரவம்தான் சுற்றுகிறது, அந்த வெப்பத்தை அடியிலுள்ள ரைடு பிளேட் என்னும் உலோகத் தகடு கடலில் இறக்கிவிடுகிறது. ஃப்ளஷ் என்பதே, எஞ்சினுக்குள் கடல்நீரையே சுற்றவிடும் யமஹாக்காரர்களின் கவலை என்று நினைக்கிறேன்.

உப்புக்காற்று:
எஞ்சின் கடல்நீர் நுழையாத மூடிய சுற்றுதான். ஆனால் எக்ஸாஸ்ட் கடல்நீரில்தான் குளிர்கிறது. அங்கே உப்பு படியாது என்று யார் சொன்னார்கள்? அது இருக்கட்டும், பக்க எண் எங்கே?

கால்வாய்க்கரை:
கையேட்டுப் பக்தரே, தண்ணீருக்கு வெளியே எஞ்சினை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள், பம்பைச் சுழற்றும் தண்டைச் சுற்றியுள்ள டிரைவ்லைன் சீலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது என்று சீ-டூ கையேடு எச்சரிக்கிறதே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டீர்களா? மேடைமீது ஓடவிட்டுச் சீலைக் கருக்குவதைவிட என் வழி எவ்வளவோ மேல்.

உப்புக்காற்று:
இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது என்றால், இரண்டு நிமிடத்துக்குள் ஓடலாம் என்றுதானே பொருள், தம்பி? உப்பைக் கழுவ அது போதும்.

கால்வாய்க்கரை:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். சென்ற ஆண்டு எனக்கு விற்ற ட்ரெய்லரின் துருப்பிடித்த அச்சின்மேல் புதுப் பெயின்ட் அடித்துத் தந்தவர், உப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்.

உப்புக்காற்று:
ட்ரெய்லரை நேரில் பார்த்து, பேரம் பேசி வாங்கியவர் தாங்கள். பேச்சை மாற்றாதீர்கள், பக்க எண் வேண்டும்.

அலைத்தடுப்பு:
இருவரும் மேடையின் உயரத்தைப் பார்க்கவே இல்லை. பல மிதவை மேடைகளில் ஜெட் ஸ்கையின் பின்பகுதி நீருக்குள்ளேயே தொங்குகிறது. நீரை உறிஞ்சும் பம்பின் வாய் நீருக்குள் இருக்க எஞ்சினை ஓடவிட்டால், யமஹாவில் ஹோஸின் நல்ல தண்ணீரோடு கடல்நீரும் சேர்ந்தே உள்ளே போகும். போதாக்குறைக்கு, அப்படிக் கிடக்கும் பம்புக்குள் சிப்பிகள் வேறு குடியேறும்.

மிதவைமேடை:
சிப்பி என்றதும் நினைவுக்கு வருகிறது: உப்பு நீக்கும் திரவத்தை ஹோஸில் கலந்து விடுகிறீர்களா, அல்லது வினிகர் போதுமா?

உப்புக்காற்று:
எதைக் கலந்தாலும் எஞ்சின் ஓடும்போதுதான் விட வேண்டும். அலைத்தடுப்பு சொல்வது மேடையின் குறையே தவிர, என் வரிசையின் குறை அன்று. ஜெட் ஸ்கையை முழுவதும் மேலே ஏற்றிவிட்டுக் கழுவட்டும். கழுவி முடித்ததும் இருக்கையைத் திறந்து உள்ளறையை உலர விடாதவர்கள் இந்த இழையில் எத்தனை பேர் என்பதையும் நான் அறிவேன். கால்வாய்க்கரை, நான் நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

கால்வாய்க்கரை:
என் ஜெட் ஸ்கை இன்று காலையும் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆயிற்று. அதற்கு எந்தப் பக்க எண்ணும் தேவைப்படவில்லை.

உப்புக்காற்று:
சிலிண்டருக்குள் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. பக்க எண்ணை எழுதுங்கள்.