16 வயது மகளுக்கு மின் ஸ்கூட்டர்: ஓட்டுநர் உரிமம் உண்மையிலேயே தேவையில்லையா?

பொன்வயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 16 வயது நிறைந்துவிட்டது. பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் அவள் தானே சென்று வருவதற்காக மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். கடையில் விசாரித்தபோது, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டி என்பதால் ஓட்டுநர் உரிமம், பதிவு எண், காப்பீடு ஆகிய எதுவுமே தேவையில்லை என்று உறுதியாகக் கூறினார்கள். அதுவரை எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. ஆனால், புறப்படும் நேரத்தில் விற்பனையாளர், "இந்த வேகம் போதவில்லை என்றால் சொல்லுங்கள், ஸ்பீட் லாக்கை எடுத்துத் தருகிறோம், 45 வரை போகும்" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்துவிட்டது.

உரிமம் தேவையில்லை என்பது வண்டியைப் பொறுத்ததா, அல்லது நாம் ஓட்டும் வேகத்தைப் பொறுத்ததா? லாக்கை எடுத்துவிட்டு மெதுவாகவே ஓட்டினால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும்? ஏதேனும் நேர்ந்தால் தந்தை என்ற முறையில் என் பொறுப்பு எதுவரை செல்லும்? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

சாலைவிதி (பதில்)

ஐயா, தங்கள் முதல் கேள்விக்கான விடையிலேயே மற்றவற்றுக்கான விடையும் இருக்கிறது. விலக்கு வண்டிக்குத்தான், ஓட்டும் வேகத்துக்கு அல்ல.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர ஆற்றலால் இயங்கிச் சாலையில் ஓடத் தகுந்த எந்த வண்டியையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. மோட்டார் வாகனம் என்றாகிவிட்டால், பிரிவு 3இன்படி உரிமம், பிரிவு 39இன்படி பதிவு, பிரிவு 146இன்படி மூன்றாம் நபர் காப்பீடு, பிரிவு 129இன்படி தலைக்கவசம் என எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துவிடும். இந்த வளையத்திலிருந்து சிறிய மின்வண்டிகளை வெளியே எடுப்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் உள்ள விதி 2(யு) ஆகும். மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால், அந்த இருசக்கர வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்று அது கூறுகிறது.

பலரும் இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே விதியில் உள்ள மூன்றாவது அம்சத்தை விட்டுவிடுகிறார்கள். விதி 126இல் குறிப்பிடப்பட்டுள்ள சோதனை நிறுவனங்களில் ஏதேனும் ஒன்று அந்த நிபந்தனைகளைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். புனேவில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்றவை அத்தகைய நிறுவனங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதோ, பெட்டியில் 250 வாட் என்று ஒட்டியிருப்பதோ விலக்கைத் தந்துவிடாது. சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற அதே நிலையில் வண்டி சாலைக்கு வரும்போதுதான் விலக்கு நிற்கும்.

ஆகவே, ஸ்பீட் லாக்கை எடுத்த அந்த நிமிடமே தங்கள் வண்டி பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாக மாறிவிடுகிறது. அதன்பின் தங்கள் மகள் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றாலும் நிலைமை மாறாது, ஏனெனில் விதி கேட்பது வண்டியால் எட்டக்கூடிய உச்ச வேகத்தை.

தண்டனைகளையும் சொல்லிவிடுகிறேன். உரிமமின்றி ஓட்டினால் பிரிவு 181இன்படி ரூ.5,000, உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குப் பிரிவு 180இன்படி ரூ.5,000, காப்பீடு இல்லாததற்குப் பிரிவு 196இன்படி முதல் முறை ரூ.2,000. பதிவின்மைக்குத் தனி அபராதம் உண்டு. பிரிவு 207இன்கீழ் வண்டியையே பிடித்து வைக்கவும் காவல்துறைக்கு அதிகாரம் உள்ளது. ஆனால் இவை அனைத்தையும்விட ஒரு தந்தை அஞ்ச வேண்டியது 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 199ஏ. 18 வயது நிறையாதவர் இச்சட்டத்தின்கீழ் குற்றம் செய்தால், பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ரூ.25,000 அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி எடுத்தோம் என்றோ நிரூபித்தால் தப்பலாம். தாமே வாங்கிக் கொடுத்து, தாமே லாக்கை எடுக்கச் சொன்னவருக்கு அந்த வாதம் எப்படிப் பயன்படும்? மேலும், அந்தப் பிள்ளை 25 வயது நிறையும்வரை எல்.எல்.ஆர். கூடப் பெற முடியாது. கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லும் வயது வரை ஒரு பெண்ணின் கையில் உரிமம் இல்லாமல் போவதை நான் மிகப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

மின்கலம் (பதில்)

மின்வண்டிப் பழுதுபார்ப்பில் இருப்பவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்ட சட்ட விளக்கத்துடன் வண்டியின் உள்ளே நடப்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மோட்டார் அல்ல, கன்ட்ரோலர் எனப்படும் மின்னணுப் பெட்டி. அதிலிருந்து வெளியே வரும் ஒரு கம்பி இணைப்பைத் துண்டித்தாலோ, அதன் மென்பொருள் அமைப்பை மாற்றினாலோ கட்டுப்பாடு நீங்கிவிடும். வேலை இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் விற்பனையாளர்கள் அதை ஒரு சலுகையைப் போலப் பேசுகிறார்கள். ஆனால், 25இல் ஓடும் வண்டியை 45இல் ஓடவிட்டால் அது சுமக்கும் இயக்க ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. குறைவேகத்துக்கென்று வடிவமைக்கப்பட்ட பிரேக், டயர், சட்டகம் ஆகியவைதான் அந்த ஆற்றலைத் தாங்கி வண்டியை நிறுத்த வேண்டும். கூடுதல் மின்னோட்டத்தால் மோட்டாரும் கம்பிகளும் பேட்டரியும் சூடேறுவது வேறு.

250 வாட் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சட்டம் பேசும் 30 நிமிடத் திறன் என்பது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சராசரித் திறன். மேடு ஏறும்போது சில நொடிகளுக்கு எட்டும் உச்சத் திறன் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், அதனால் மட்டும் வண்டி சட்டவிரோதமாகிவிடாது. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே பெரிய மோட்டாரைப் பொருத்திவிட்டு 250 வாட் என்று வில்லை மட்டும் ஒட்டி விற்கப்படும் வண்டிகளும் சந்தையில் உள்ளன.

வாங்கும் முன் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் துணை மாடல் பெயரும் தாங்கள் வாங்கும் வண்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் குறைவேக வண்டியும் பதிவு தேவைப்படும் வண்டியும் விற்கப்படுவதால், துணை மாடல் பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரசீதில் சேஸிஸ் எண், மோட்டார் எண், திறன், உச்ச வேகம் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார். லாக்கை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சட்டத்துக்குப் புறம்பாக மாற்றி விற்கும் விற்பனையாளருக்கே பிரிவு 182ஏ ஓராண்டு வரை சிறை அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்திருக்கிறது.

கடல்கடந்தோன் (பதில்)

இணையத்தில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டரை வாங்கிவிடலாமே என்று யோசிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வண்டிகளுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. ஜெர்மனியில் 2019 முதல், மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டியை 14 வயது நிறைந்தவர் உரிமமின்றி ஓட்டலாம், ஆனால் காப்பீட்டு வில்லை கட்டாயம். பிரிட்டனில் சொந்த ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். அரசு அனுமதித்த சோதனைத் திட்டங்களில் வாடகைக்கு எடுப்பவர்கூடக் குறைந்தது தற்காலிக உரிமமாவது வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2019 நவம்பரிலேயே நடைபாதைகளில் தடை செய்துவிட்டார்கள். அங்கு மிதிவண்டிப் பாதையில் ஓட்டுவதற்கே எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். இவற்றில் எதுவும் நம் சாலையில் செல்லாது. இந்தியாவில் நின்று ஓட்டும் வண்டிக்கும் விதி 2(யு)தான் அளவுகோல்.

பொன்வயல்

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. லாக்கை எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன், அந்தக் கடையையும் விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒப்புதல் பெற்ற குறைவேக வண்டியையே வாங்கி, மகள் அதை ஓட்டும்போது யாராவது ஒருவருக்கு அடிபட்டுவிட்டால், மோட்டார் வாகனமே அல்ல என்பதால் பொறுப்பும் இல்லை என்று பொருளா? அடுத்து, 16 வயதிலேயே கியர் இல்லாத வண்டிக்கு உரிமம் எடுக்கலாம் என்று என் உறவினர் சொல்கிறார். அதை எடுத்துவிட்டு, பச்சை நிற எண்பலகையுடன் வரும் வேகமான வண்டியையே வாங்கிவிட முடியுமா?

சாலைவிதி (பதில்)

ஐயா, பொறுப்பு எங்கும் போய்விடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281, பொதுவழியில் மனித உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் கவனமின்றி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அங்கே மோட்டார் வாகனம் என்ற சொல் இல்லை, எந்த வண்டியானாலும் அது பொருந்தும். இழப்பீட்டைப் பொறுத்தவரை, அடிபட்டவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

காப்பீட்டில் உள்ள வேறுபாட்டை நான் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். காப்பீடு உள்ள வண்டியை உரிமமில்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. லாக் எடுக்கப்பட்ட வண்டிக்குக் காப்பீடே கிடையாது. அப்போது அடிபட்டவர் மருத்துவமனையில் படுத்திருக்க, அவருடைய குடும்பம் தங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும், தங்களிடம் பணம் இல்லையென்றால் அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. எதிரே வரும் அந்த முகம் தெரியாத மனிதரையும் மனத்தில் வைத்துத்தான் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே, கட்டாயமில்லாத குறைவேக வண்டிக்கும் விபத்துக் காப்பீடோ, பிறருக்கான பொறுப்புக் காப்பீடோ கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனங்களில் விசாரித்துப் பாருங்கள். தலைக்கவசத்தையும் அவ்வாறே கொள்ளுங்கள். தார்ச்சாலையில் தலை மோதுவதற்கு 20 கிலோமீட்டர் வேகமே போதும்.

உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிவு 4, எஞ்சின் கொள்ளளவு 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை 16 வயது நிறைந்தவர் ஓட்ட அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் சலுகை எஞ்சின் கொள்ளளவைக் கொண்டு வரையறுக்கப்பட்டது, மின்மோட்டாருக்குக் கொள்ளளவு என்பதே கிடையாது. அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு பச்சைப் பலகை வண்டியை ஓட்டலாம் என்று நம்பி இறங்கினால், உரிமம் பெற்ற சிறாரின் பெற்றோருக்குப் பிரிவு 199ஏ தரும் பாதுகாப்பும் கிடைக்காமல் போகலாம், ஏனெனில் எந்த வகை வண்டிக்கு உரிமம் உள்ளதோ அந்த வண்டியை ஓட்டியிருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யப்படும் மின் ஸ்கூட்டருக்கு 18 வயது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கலம் (பதில்)

பச்சைப் பலகை வண்டியைப் பற்றித் தாங்கள் கேட்டதால் ஒரு கூடுதல் தகவல். தனியார் மின்வண்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தும், வாடகை வண்டிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்தும் 2018 முதல் வழக்கத்தில் உள்ளன. பதிவுச் சான்றுக்கான கட்டணத்திலிருந்து மின்வண்டிகளுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விலக்கு அளித்தது. புகைச் சோதனைச் சான்றும் தேவையில்லை. ஆகவே, மகளுக்கு 18 நிறைந்ததும் கியர் இல்லாத இருசக்கர வகையில் எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாட்கள் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டி உரிமம் பெறுவது கடினமே அல்ல. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதால், தேர்வுகள் முடிந்த பின்னர் நிதானமாகவே பழகிக்கொள்ளலாம். அதுவரை குறைவேக வண்டி போதும் என்றால், வாங்கிய கையோடு ஒப்புதல் சான்றிதழின் நகலையும் ரசீதின் நகலையும் இருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள். எண்பலகை இல்லாத வண்டியைக் காவலர் நிறுத்தினால், அந்த இரண்டு தாள்களையும்தான் தங்கள் மகள் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.